வளர்ப்புப் பிள்ளையால் வீட்டில் சேதம்: நட்டஈடு பற்றிக் கொழும்புக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நீதிமன்றக் கட்டளையின் பேரிலோ, ஒரு சிறுவர் நிறுவனத்தின் ஏற்பாட்டிலோ பிறர் பிள்ளையை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு எழுதப்பட்டது. சட்டப்படி தத்தெடுத்தவர்களுக்கு இது பொருந்தாது. தத்துப்பிள்ளை உங்கள் சொந்தப் பிள்ளை. அதன் சேதத்துக்கு வேறு யாரிடமும் போய் நிற்க முடியாது.

பிள்ளை கோபத்தில் கதவை உடைத்துவிட்டது, டிவியைத் தள்ளிவிட்டது. செலவை யார் தருவார்கள்?

கேட்கக்கூடிய இடங்கள் மூன்றுதான். உங்கள் வீட்டுக் காப்புறுதி ஒன்று. பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்த நிறுவனம், அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், இரண்டாவது. அதிகாரி ஒருவரின் தவறால் சேதம் வந்ததென்று காட்ட முடிந்தால் அரசு மூன்றாவது. பிள்ளையிடமோ பெற்ற தாய் தகப்பனிடமோ வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது. எந்த வழியில் போனாலும் காசு கிடைப்பதைத் தீர்மானிப்பது பிள்ளை வருவதற்கு முன் எழுதி வாங்கிய காகிதமும், சேதம் நடந்த முதல் இரண்டு நாளில் எடுத்த பதிவும்தான். பின்னால் எழுதும் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இரண்டையும் ஈடுசெய்யாது.

பிள்ளையைத் தந்தது நீதிமன்றம். அப்படியானால் அரசாங்கம்தானே பொறுப்பு?

அப்படி இல்லை. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதவான் ஒரு பிள்ளையைத் தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த ஒருவர் உறவினராக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் கட்டளை நடைமுறையில் இருக்கும்வரை பெற்றோருக்கு உள்ளது போன்ற கட்டுப்பாடும் பராமரிப்புப் பொறுப்பும் அவருக்கு வந்துவிடுகிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் முதலில் சொல்லப்போகும் பதில் இதுதான்: “பிள்ளை உங்கள் பொறுப்பில் இருந்தபோது நடந்தது.” அந்தப் பதிலைத் தாண்டிப் போக, அதிகாரி செய்த அல்லது செய்யத் தவறிய ஏதோ ஒன்றைக் காட்டவேண்டும். நடைமுறையில் அதிகம் எழுவது தகவல் மறைப்பு. பிள்ளை முன்பு இருந்த இடத்தில் தீ வைத்தது கோப்பில் இருக்கிறது, உங்களிடம் சொல்லவில்லை, உங்கள் வீட்டுத் திரைச்சீலையும் எரிந்தது என்றால் அது வேறு வழக்கு.

இங்கிலாந்தில் இந்த வாதம் மேல் மட்டம்வரை போயிருக்கிறது. எசெக்ஸ் கவுண்டி கவுன்சில் ஒரு பதின்ம வயதினரின் முன்வரலாற்றைச் சொல்லாமல் அவரை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வைத்தது. அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். அந்த வளர்ப்புப் பெற்றோரின் கோரிக்கையை விசாரிக்காமலே தள்ளிவிட முடியாது என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டில் சொன்னது. அது பொருட்சேத வழக்கல்ல, இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் மாட்டாது. ஆனாலும் உங்கள் சட்டத்தரணி எடுத்துக்காட்டக்கூடிய ஒன்று.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் அங்கே எல்லாவற்றுக்கும் காசு தருவார்கள் என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. இங்கிலாந்தில் வளர்ப்புப் பெற்றோருக்கு வாராந்தக் கொடுப்பனவு உண்டு. சேதத்துக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்பது ஒவ்வொரு கவுன்சிலின், முகவர் அமைப்பின் எழுத்துக் கொள்கையைப் பொறுத்தது. வழமையாக முதலில் உங்கள் வீட்டுக் காப்புறுதியிடம் போகச் சொல்வார்கள். அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் வளர்ப்புப் பிள்ளையால் வரும் பொருட்சேதத்தைத் திருப்பித் தரச் சட்டமே உண்டு. அந்தச் சட்டமும் “கையில் உள்ள நிதிக்குள்” என்றுதான் தொடங்குகிறது. ஆக, அங்கேயும் பில்லை நீட்டியவுடன் யாரும் காசை எண்ணித் தருவதில்லை.

பிள்ளை வர முன்னர் என்ன எழுதி வாங்க வேண்டும்?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒப்படைக்கும் நிறுவனத்துக்கு அல்லது நன்னடத்தை அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: தீ வைத்த, தீப்பெட்டியோடு விளையாடிய சம்பவம் உண்டா? பொருட்களை உடைத்த பதிவு உண்டா? குழாயைத் திறந்துவிடுவது, கொமட்டுக்குள் துணியைப் போடுவது போன்ற பழக்கம் உண்டா? இரவில் படுக்கையை நனைக்குமா? உணவை ஒளித்து வைக்குமா? வீட்டை விட்டு ஓடியதுண்டா? பதில் வாய்மொழியாக வந்தால் அன்றைக்கே “நீங்கள் இன்று சொன்னபடி” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலே வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குச் சான்று இருக்கிறது. கேட்காத கேள்விக்குப் பதில் மறைத்தார்கள் என்று பிறகு வாதாடுவது கடினம்.

ஒரு நிறுவனத்தின் ஊடாகப் பிள்ளை வருகிறதென்றால் ஒப்பந்தத்தில் சேதம் பற்றி ஒரு பந்தி போடச் சொல்லுங்கள். நான்கு விடயம் அதில் தெளிவாக இருக்கவேண்டும்: ஒரு சம்பவத்துக்கு உச்சத்தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், காப்புறுதி தராத மிச்சத்தை அவர்கள் தருவார்களா, புது விலையா தேய்மானம் கழித்த விலையா. “நியாயமான உதவி வழங்கப்படும்” என்ற வசனம் ஒன்றுக்கும் உதவாது. அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைப்பதைவிட, தர மாட்டோம் என்று நேரே எழுதி வாங்குவது நல்லது. காப்புறுதியை எவ்வளவுக்குப் போடுவது என்றாவது தெரியும்.

பிறகு வீட்டைப் பதிவு செய்யுங்கள். பிள்ளை வருவதற்கு முந்தின நாள் கைத்தொலைபேசியில் அறை அறையாக ஒரு வீடியோ. சுவர், சீலிங், கதவின் இரண்டு பக்கம், பிணைச்சல், குளியலறை டைல்ஸ், சிங்கின் கீழ்ப்பகுதி, மின்சாதனங்களின் பின்னால் உள்ள தொடர் இலக்கம் எல்லாம் தெரியவேண்டும். அதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், திகதி தானாகப் பதிவாகும். கடற்கரைப் பக்கம், அதாவது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை மரைன் டிரைவ் ஓரமாக இருப்பவர்கள் ஜன்னல் கிறில், ஏசியின் வெளி யூனிட் இரண்டையும் கிட்டத்தில் எடுங்கள். உப்புக் காற்றுத் துருவை வைத்து “இது பழைய பழுது” என்று கோரிக்கையைத் தட்டிவிடுவது மிகச் சுலபம்.

சேதம் நடந்த அன்று என்ன செய்வது?

முதலில் பிள்ளை, பிறகு மெயின் சுவிட்ச், பிறகு தண்ணீர் வால்வு. கண்ணாடி உடைந்திருந்தால் படம் எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். உடைந்த பொருளை எறியாதீர்கள். காப்புறுதி மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை, அல்லது பார்க்க வரமாட்டார் என்று எழுத்தில் வரும்வரை பல்கனியிலாவது வைத்திருங்கள். கோரிக்கைகள் அடிபடுவதற்கு ஒரு பெரிய காரணம், வீட்டைச் சுத்தமாக்கும் அவசரத்தில் சான்றைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுவது.

படத்தில் பிள்ளை இருக்கக்கூடாது. பெயரோ பாடசாலைச் சீருடையோ தெரியக்கூடாது. உறவினர் வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

அன்றிரவே நன்னடத்தை அலுவலருக்கு அல்லது நிறுவனத்துக்கு நான்கு வரி: திகதி, நேரம், என்ன நடந்தது, என்ன உடைந்தது. காரணத்தை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். “வேண்டுமென்றே உடைத்தது” என்று நீங்கள் எழுதும் ஒரு சொல் பிள்ளையின் கோப்பில் வருடக்கணக்காக நிற்கும். அதே சொல் காப்புறுதியையும் கெடுக்கலாம்.

எப்படிக் கெடுக்கும்? வீட்டுக் காப்புறுதி இதற்குத்தானே?

இலங்கையில் விற்கப்படும் வீட்டுக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை தீக் காப்புறுதியின் விரிவாக்கம். தீ, மின்னல் அடிப்படை. வெள்ளம், புயல், குழாய் வெடித்தல், தொட்டி நிரம்பி வழிதல், தீங்கெண்ணச் சேதம் (ஒருவர் வேண்டுமென்றே செய்யும் சேதம்) போன்றவை மேலதிகமாகக் காசு கட்டிச் சேர்ப்பவை. பட்டியலில் இல்லாத காரணத்துக்குக் காசு இல்லை. தீங்கெண்ணச் சேதத்தைச் சேர்த்திருந்தாலும், வீட்டில் சட்டப்படி வசிப்பவர் செய்த சேதத்தை விலக்கும் வாசகம் பல பத்திரங்களில் இருக்கும். வளர்ப்புப் பிள்ளை உங்கள் வீட்டில் வசிப்பவர். எனவே கோபத்தில் உடைத்த கதவுக்குக் கிடைப்பது அரிது. பிள்ளையால் தற்செயலாக வந்த தீக்கும், தண்ணீர் வழிதலுக்கும் கிடைக்க வாய்ப்பு அதிகம். தற்செயற் சேதத்துக்கு எனத் தனி விரிவாக்கம் இருக்கிறதா என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

குடும்பத்தைச் சேராத ஒரு பிள்ளை வீட்டில் வசிக்கப்போகிறது என்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வயதும் வரும் திகதியும் போதும். பெயரும் கதையும் தேவையில்லை. சொல்லாமல் விட்டால் முக்கிய தகவலை மறைத்தீர்கள் என்று பத்திரத்தையே செல்லாததாக்கப் பார்ப்பார்கள்.

வங்கிக் கடனில் வாங்கிய வீடென்றால் இன்னொரு சிக்கல். வங்கிக்காகப் போட்ட காப்புறுதி கட்டடத்துக்கு மட்டும். உள்ளே இருக்கும் டிவி, அலுமாரி, மெத்தை அதில் வராது. கட்டடத்துக்கான காசிலும் முதல் உரிமை வங்கிக்கு.

ஐந்து இலட்ச ரூபாய்ச் சேதத்துக்கு மூன்று இலட்சம்கூட வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

குறைவான பெறுமதிக்குக் காப்புறுதி போட்டிருப்பீர்கள். உதாரணமாக, வீட்டைத் திரும்பக் கட்ட 1 கோடி ரூபாய் வேண்டும், நீங்கள் போட்டது 60 இலட்சத்துக்கு. அப்போது எந்தச் சேதத்திலும் 60 வீதம்தான் கணக்கு: 5 இலட்சத்துக்கு 3 இலட்சம். அதில் நீங்கள் ஏற்கவேண்டிய ஆரம்பத் தொகை 25,000 என்றால் கைக்கு வருவது 275,000. கொழும்பில் ஆட்கள் காணியின் விலையையும் சேர்த்து யோசித்துக் குழம்புகிறார்கள். காணி எரியாது, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவை மட்டும் பாருங்கள். சீமெந்து, கம்பி விலை ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே வருடா வருடம் புதுப்பிப்பவர்களுக்குத்தான் இந்த அடி விழுகிறது.

முடிவு நியாயமில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

தொடர்மாடியில் இருக்கிறோம். பிள்ளை குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழ் வீட்டுச் சீலிங் கெட்டுவிட்டது. இப்போது கீழ் வீட்டார் எங்களிடம் கேட்கிறார்கள்.

கொழும்பில் மிகப் பெரிய தொகை போவது உடைந்த டிவிக்கு அல்ல, இதற்குத்தான்.

முதலில் கேட்கவேண்டியது: இது ஒரு நாள் வழிந்த தண்ணீரா, மாதக்கணக்காகக் கசிந்ததா? சீலிங்கில் ஓரம் பழுப்பேறிய வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால், பெயின்ட் பொருக்குத் தட்டியிருந்தால், பூஞ்சை கறுத்திருந்தால் அது பழைய கசிவு. தரைக்குக் கீழ் வோட்டர்புரூபிங் போய்விட்டது, பிள்ளை மேல் பழி விழுகிறது, அவ்வளவுதான். சோதிக்கும் முறை எளிது. தரை வடிகாலை இறுக்கமாக அடைத்து, வாசற்படிக்கு மேல் போகாத அளவில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணித்தியாலம் விடுங்கள். கீழ் வீட்டாரின் சம்மதத்தோடு, அவர்களும் பார்க்கச் செய்யுங்கள். கீழே ஈரம் வந்தால் தரை கசிகிறது. வராவிட்டால், தரை தாங்குகிறது. அன்று வழிந்த தண்ணீர்தான் வாசற்படி தாண்டி ஹோலுக்குப் போய், குழாய் போகும் துவாரத்தால் இறங்கியிருக்கிறது. முதலாவதற்குக் காப்புறுதி தராது, ஏனென்றால் அது மெல்ல மெல்ல வந்த பழுது. இரண்டாவதற்குத் தரலாம், அயலவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதி உங்கள் பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருந்தால்.

கீழ் வீட்டாரிடம் “நாங்கள் முழுவதையும் செய்து தருகிறோம்” என்று படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிடாதீர்கள். பொறுப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் காப்புறுதி நிறுவனம் விலகிக்கொள்ளும். “காப்புறுதிக்கு அறிவித்திருக்கிறோம், ஆள் வந்து பார்ப்பார்” என்பது போதும், மரியாதையாகவும் இருக்கும். பொதுக் குழாய் சம்பந்தப்பட்டதென்றால் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். கட்டடம் முழுவதற்குமான காப்புறுதி அவர்களிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர்களோடு தகராறென்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது.

நீர்க்கசிவு மின்விளக்குத் துவாரத்தால் வந்திருந்தால், ட்ரிப் சுவிட்ச் விழாவிட்டாலும், எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை கீழ் வீட்டார் அந்தச் சுற்றைப் போடக்கூடாது என்று சொல்லுங்கள்.

வாடகை வீடு என்றால்?

வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் பொறுப்பு. சாதாரணத் தேய்வுக்கு மேற்பட்ட சேதத்தை அட்வான்ஸிலிருந்து கழிப்பார். ஆகவே பிள்ளை வருவதை முன்பே சொல்லி, குடியிருப்பவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் கட்டடக் காப்புறுதி உங்கள் தளபாடத்துக்குச் செல்லாது.

எவ்வளவு கேட்கலாம்?

புது விலையைக் கேட்டால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். முன்பே கழித்துக் கேட்டால் பேச்சு சுருங்கும். எட்டு வருடம் பாவிக்கக்கூடிய 48,000 ரூபாய் மெத்தை இரண்டு வருடத்தில் பழுதானால் 36,000. மெத்தை பெரும்பாலும் போவது சிறுநீரால். நீர் புகாத உறையைப் போடாமல் இரண்டாவது மெத்தைக்கும் காசு கேட்டால் யாரும் தரமாட்டார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

திருத்த வேலைக்கு இரண்டு விலைமனு எடுங்கள். “கதவு வேலை 40,000” என்று மேசன் பாஸோ தச்சு பாஸோ துண்டில் எழுதித் தருவது போதாது. கதவுப் பலகை, பிணைச்சல் எத்தனை, பூட்டு, நிலை திருத்தம், பெயின்ட், கூலி என்று பிரித்து, தேசிய அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் இருக்கவேண்டும். பில் தராத பாஸிடம் இதைத்தான் வாங்கலாம்.

டைல்ஸ் ஒரு தலைவலி. ஆறு கல் உடைந்தால் ஆறு கல்லுக்குத்தான் காசு. அதே நிறத் தொகுதி கடையில் இல்லை என்பதற்காக முழுச் சுவரையும் மாற்றித் தரமாட்டார்கள். வீடு செய்யும்போதே ஒரு பெட்டி எடுத்து வைத்தவர் புத்திசாலி.

பொலிஸில் முறைப்பாடு போட வேண்டுமா?

காப்புறுதி பொலிஸ் அறிக்கை கேட்கலாம். ஆனாலும் நன்னடத்தை அலுவலரோடு பேசாமல் போகவேண்டாம். தண்டனைச் சட்டக்கோவைக்கு வந்த 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். ஒரு அலுமாரிக் கண்ணாடிக்காக ஒரு பிள்ளைக்குப் பொலிஸ் பதிவை உண்டாக்குவது கணக்குப் பார்த்தாலும் நட்டம். உயிராபத்து அல்லது தீ என்றால் வேறு கதை. பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929.

பிள்ளையின் செலவுக்கு வரும் காசிலிருந்து கழிக்கலாமா? பெற்ற தாய் தகப்பனிடம் கேட்கலாமா?

கழிக்கக் கூடாது. அந்தக் காசு பிள்ளையின் பராமரிப்புக்கு. பெற்றோரைப் பொறுத்தவரை, நம் நாட்டில் இத்தகைய சேத வழக்குகளுக்கு அடிப்படையான ரோம-டச்சுச் சட்டத்தில், பிள்ளை செய்ததற்குப் பெற்றோர் தானாகப் பொறுப்பாளி ஆவதில்லை. அவர்களுடைய சொந்தக் கவனயீனத்தைக் காட்ட வேண்டும். பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தபோது அவர்கள் கவனயீனமாக இருந்தார்கள் என்று எப்படிக் காட்டுவீர்கள்?

கடிதத்தை யாருக்கு, எந்த மொழியில் எழுதுவது?

கொழும்பு மேல் மாகாணத்தில் இருப்பதால் மேல் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கு. பிரதி உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்; கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்றால் கொழும்பு பிரதேச செயலகம்; தெஹிவளைக்குத் தனிச் செயலகம். தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. வேலை விரைவாக நடக்கச் சிங்களப் பிரதியொன்றை இணைப்பவர்கள் உண்டு, அது உங்கள் விருப்பம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

மாதக்கணக்காகப் பதில் இல்லை. அடுத்து?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். “எனது இன்ன திகதிக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை, கோப்பில் என்ன குறிப்பு” என்று கேளுங்கள். பிள்ளையின் வரலாற்றைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், விண்ணப்பமும் வீணாகும். அதிகாரி அநியாயமாக நடந்தார் என்றால் பாராளுமன்ற ஒம்புட்ஸ்மனிடம் நேரடியாக முறையிடலாம்.

எதிர்த்தரப்பு தனியார் நிறுவனமோ கீழ் வீட்டாரோ என்றால், சட்டத்தில் குறித்த பெறுமதிக்கு உட்பட்ட கோரிக்கைகளுக்கு நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபை கட்டாயம். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும். அங்கே படங்களையும் விலைமனுவையும் கொண்டுபோனால் பல விடயம் அங்கேயே முடிந்துவிடும்.

அரசுக்கு எதிராக வழக்கென்றால் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் போன பின்பே தொடரலாம். சேதத்துக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். “பார்க்கிறோம்” என்ற பதிலை நம்பி அந்த இரண்டு வருடத்தைக் கடத்தியவர்களுக்குப் பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் உதவ முடியாது. வசதி குறைந்தவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம்.

நட்டஈடு கேட்டால் பிள்ளையைத் திருப்பி எடுத்துவிடுவார்களா?

பலர் வாய் திறக்காமல் இருப்பது இந்தப் பயத்தால்தான். ஒப்படைப்பு மாறுவது பிள்ளையின் நலனைப் பார்த்து, கட்டளை நீதிமன்றத்துடையதென்றால் நீதிமன்றத்தின் ஊடாக. பில் கொடுத்ததற்காக அல்ல. என்றாலும் இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். பிள்ளைக்கு உளவளத்துணை வேண்டும், வீட்டுக்கு வந்து பாருங்கள் என்பது ஒரு கடிதம். கதவு, டைல்ஸ், தொகை இன்னொரு கடிதம். ஒன்றாக எழுதினால் “இவர்களால் முடியவில்லை” என்று வாசிப்பார்கள்.